என்னை அடித்தது கடல்

என்னை அடித்தது கடல்தான். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நேர்ஸ்மாரிடம் சொன்னேன், டொக்டரிடம் சொன்னேன், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்ற பொலிஸ்காரரிடம் சொன்னேன், கூடப்பிறந்த அண்ணனிடமும் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குப் புதிதில்லை. நான் திருகோணமலையில் பெண்களுக்கு ஸ்கூட்டியும் காரும் ஓட்டப் பழக்குகிறவள். 'விளங்குது ரீச்சர்' என்று தலையாட்டிவிட்டு நேரே மதிலில் கொண்டுபோய் மோதுகிற ஆட்களோடு வருசக்கணக்காய்க் குப்பை கொட்டுகிறேன். தலையை ஆட்டுவதற்கும் நம்புவதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது வயிற்றில் மேலிருந்து கீழாக ஒரு தையல் தழும்போடும், மண்ணீரல் இல்லாமலும் உயிரோடு இருக்கிறேன். ஊரில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் விளையாட்டைச் சொல்ல வேண்டும். துறைமுகக் குடாவின் உட்பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது. இரண்டு மாடி வீட்டின் உயரம் வரும். எங்கள் துறைமுகத்தில் கரையை ஒட்டியே நல்ல ஆழம் என்பதால் கீழே கல் தட்டாது. குளிர் நாடுகளில் சிலர் போட்டி வைத்து ஆடுவதைப் போனில் பார்த்துவிட்டு, கிண்ணியாவில் டயர்க்கடை வைத்திருக்கும் ரிஸ்விதான் இதை இங்கே தொடங்கினான். நாங்கள் அதற்குப் 'பலகை' என்று பெயர் வைத்தோம். ஓடிவந்து பாய வேண்டும். காலால் இறங்கக்கூடாது, தலையாலும் இறங்கக்கூடாது. கைகால்களை விரித்து, நெஞ்சும் வயிறும் கீழே பார்க்க, பலகை போட்டதுபோலக் கிடையாக விழ வேண்டும். தண்ணீரைத் தொடப்போகிற கடைசி நொடியில் உடம்பைச் சுருட்டி, கைமுட்டியும் முழங்காலும் முதலில் படும்படி மடங்க வேண்டும். ஆகப் பிந்திச் சுருளுகிறவர் வென்றவர். பிந்தினது கூடிப்போனால் உடம்பு முழுவதும் ஒரே அடி. அந்த உயரத்திலிருந்து போகிறவருக்குத் தண்ணீர் சீமெந்துத் தரைதான்.

பாறையில் ஒரு சட்டமும் இருந்தது. எழும்பி வருகிறவரிடம் 'நொந்ததா' என்று ஒருவரும் கேட்கக்கூடாது. நோகுது என்று யார் வாய்விட்டாரோ அவர் எல்லாருக்கும் ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்க வேண்டும். ரோல்ஸ் பெரிய விசயமில்லை, மானம்தான் பெரிய விசயம். போன வருசம் விலா எலும்பு 'டக்' என்று உள்ளே முறிந்தது எனக்குக் கேட்டது. அப்போதும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டுதான் கரையேறினேன்.

என் புருசன் நேசனுக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீற்றர் வாசிக்கிறவர். கதிரையில் ஏறி பல்ப் மாற்றுவதற்கே என்னைக் கூப்பிடுகிற மனிசனிடம் பாறையைப் பற்றி என்னத்தைச் சொல்வது? ஞாயிறு காலையில் வகுப்பு என்று போய்விடுவேன். காயத்தைக் கண்டால், பழகுகிற பிள்ளை ஸ்கூட்டியோடு என்னையும் விழுத்திப்போட்டாள் என்று சொல்ல ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டதே இல்லை. பொய் சொல்லத் தேவையில்லாமல் போனது நல்லதென்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த ஞாயிறு எனக்கு ஓட்டம் நன்றாக அமைந்தது. பாறையின் விளிம்பை விட்டதும் உடம்பு சரியாக விரிந்தது. கீழே பச்சைத் தண்ணீர் எழும்பி வந்துகொண்டிருந்தது. 'சுருளு' என்று வயிறு கத்தியது. நான் இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்றேன். பிறகு சுருண்டேன், ஆனால் இடது பக்கம் பிந்திவிட்டது. யாரோ அகலமான கட்டையை ஓங்கி விலாவின் கீழே இறக்கினது மாதிரி விழுந்தது அடி. வாயில் உப்புத் தண்ணீரும் இரத்தமும் ஒன்றாய் வந்தன. நாக்கைக் கடித்திருந்தேன். மூச்சு வரவில்லை. தண்ணீருக்குள் கையைக் காலை அடித்து மேலே வந்தபோது ரிஸ்வி பாறையில் நின்று வழக்கம்போலப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே விசிலடித்தான். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அன்றைக்கு வென்றவள் நான்தான்.

அடுத்த நாட்களில் இடது தோள் நொந்தது. அடிபட்டது வயிற்றில், நோவு தோளில். தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் பூசினேன். பிறகு டொக்டர் விளக்கினார். மண்ணீரல் இடது விலாவின் அடியில் ஒளிந்திருக்கிற, இரத்தம் நிறைந்த மெத்தென்ற உறுப்பு. அடிபட்டு உள்ளே கீறினால் இரத்தம் முதலில் அதன் மேல்தோலுக்குள்ளேயே தேங்கி நிற்கும். பிறகு அந்தத் தோலும் கிழிந்தால் வயிற்றுக்குள் பாயும். அந்த இரத்தம் மூச்சுத் தசையைத் தொட்டால் நோவு தோளில் தெரியும், இரண்டுக்கும் ஒரே நரம்பாம். எனக்கு நடந்தது அதுதான். தோளுக்குத் தைலம் பூசிக்கொண்டு வயிற்றுக்குள் இரத்தம் சேர்த்திருக்கிறேன்.

ஒரு பின்னேரம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கண் இருண்டது. விழும்போது அடுப்பில் இருந்த சட்டியையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன். சத்தம் கேட்டு நேசன் ஓடிவந்தார். தூக்கினார், கத்தினார், மறுபடி தூக்கினார். பக்கத்து வீட்டார் கண்டது இதைத்தான்: சட்டி பானை உடைகிற சத்தம், புருசன் கத்துகிற சத்தம், பிறகு நினைவிழந்த மனைவியை அவர் ஓட்டோவுக்குள் ஏற்றுகிறார். மிச்சக் கதையைக் கட்ட அவர்களுக்கு இதுவே போதுமாயிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆறேழு கைகள் ஒரே நேரத்தில் என்மேல் விழுந்தன. கத்தரிக்கோலால் சட்டையை வெட்டினார்கள். பிரசர் இறங்கிக்கொண்டே போனது. வயிற்றில் குளிர்ந்த களியைப் பூசி ஸ்கான் கருவியை அழுத்தினபோது நான் போட்ட சத்தம் எனக்கே வேறொருத்தியுடையதாகக் கேட்டது. திரையில் கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் இரத்தம் என்று யாரோ சொன்னார்கள். 'உடனே தியேட்டர்' என்று இன்னொரு குரல். எனக்குச் சாகப் பயமாக இருந்தது. இதில் வீரம் ஒன்றும் பேச மாட்டேன். பாறையில் ஒருநாளும் வராத பயம் அந்தக் கட்டிலில் வந்தது.

கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய். மூச்சை மெசின் விட்டது. கதைக்க ஏலாது, கையைத் தூக்கவும் ஏலாது. கட்டிலருகே அண்ணா தவம் நின்றார். கந்தளாயில் லொறி வைத்திருக்கிறவர், அம்மா அப்பா போன பிறகு என்னைப் பொறுப்பெடுத்தவர். அவர் கண் சிவந்திருந்தது. குனிந்து என் காதருகே சொன்னார்.

"தங்கச்சி, டொக்டர் எனக்கு எல்லாம் காட்டினவ. உன்ரை உடம்பெல்லாம் காயம். அவனே அடிச்சவன்? ஓமெண்டால் என்ரை விரலை அமத்து."

அந்த நேரம் பார்த்துத் தொண்டைக் குழாயில் இருமல் வந்தது. இருமினபோது வயிற்றுத் தையல் தீயாய் எரிந்தது. நோவில் கைக்குள் அகப்பட்டதை இறுக்கிப் பிடித்தேன். அகப்பட்டது அண்ணாவின் விரல்.

என் நெற்றியில் ஒட்டியிருந்த மயிரைப் பெருவிரலால் ஒதுக்கிவிட்டார், அவ்வளவு மெதுவாக. பிறகு வெளியே போனார். வெளியே ஆட்கள் குந்துகிற நீள வாங்கில் நேசன் என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அண்ணா கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. முதல் குத்திலேயே மேலுதடு கிழிந்தது. இரண்டாவதில் பல் ஒன்று ஆடியது. கீழே விழுந்தவரைக் காலாலும் மிதித்திருக்கிறார். காவலாளிகள் வந்து பிரிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு கிழவி 'நல்லாக் குடு தம்பி' என்றாளாம். என்னைப் பார்க்க வந்த ஒருத்தி இதை ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னாள்.

குழாயைக் கழற்றினதும் என் வாயில் வந்த முதல் சொல் 'இல்லை'. இரண்டாவது 'பாறை'. டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண், என்னிலும் இளையவர், பொறுமையான முகம்.

"வதனி, பயப்படாதைங்கோ. அவர் இப்ப இந்தப் பக்கம் வரமாட்டார். இது கறுப்பு, புதுக் காயம். இது பச்சை, கொஞ்ச நாள் போனது. தொடையில இருக்கிற மஞ்சள் அதுக்கும் முந்தினது. எக்ஸ்ரேயில ரெண்டு விலா எலும்பு முறிஞ்சு தானாப் பொருந்தியிருக்கு. இது ஒரு நாள் விழுந்து வாற காயமில்லை."

"ஒரு நாள் இல்லை டொக்டர். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை விழுறனான்."

"எங்கையிருந்து?"

"பாறையிலயிருந்து. கடலுக்குள்ள. நெஞ்சும் வயிறும் தண்ணியில அடிக்க."

"ஆர் தள்ளினது?"

"ஒருத்தரும் தள்ளேல்லை. நானாத்தான் பாயிறனான்."

அவர் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "கன பேர் விழுந்ததெண்டுதான் சொல்லுறவை. மாமரம், குளியலறை, படிக்கட்டு. பாறை எண்டு சொன்னது நீங்கள்தான் முதல் ஆள்," என்றார். கேலி இல்லை, உண்மையான இரக்கம். அந்த இரக்கத்தைக் கண்டதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கையைக் கடித்திருப்பேன். மறுநாள் மனநல டொக்டரும் வந்தார். நானாத்தான் பாய்கிறேன் என்று நான் சொன்னதை அவர்கள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய்யாகிக்கொண்டு போவதை நான் அங்கேதான் கண்டேன். புருசனைக் காப்பாற்றப் பேசுகிறேன் என்றார்கள். அழுதால் பயத்தில் அழுகிறேனாம். கத்தினால் அடிவாங்கி அடிவாங்கி மனம் குழம்பிவிட்டதாம். ஆஸ்பத்திரிப் பொலிஸ் நேசனை விசாரித்து வாக்குமூலம் வாங்கியது. வாட்டுப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் காலையில் ஒரு பிளாஸ்க் கஞ்சி வரும். கொண்டுவருகிற பணியாளர் தந்துவிட்டவரின் பெயரைச் சொல்ல மாட்டார். உப்பே இருக்காது. எங்கள் வீட்டில் கஞ்சிக்கு உப்புப் போட மறக்கிறவர் ஒருவர்தான். உதடு தைத்த மனிசன் எழும்பிக் கஞ்சி காய்ச்சுகிறாரே என்று நினைத்து அழுதேன், அழுதால் தையல் நோகும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். பின்னேரத்தில் அண்ணா வந்து மரக்கறி சூப்பைக் கரண்டியால் பருக்குவார். அவர் கைமுட்டியில் தோல் உரிந்திருந்தது. யாருடைய பல்லில் உரிந்தது என்று தெரிந்தும் அந்தக் கையால் குடித்தேன். அவ்வளவு பசி எனக்கு.

வெளியே நடந்தது இன்னும் மோசம். மீற்றர் வாசிக்கிறவர் என்றால் வீட்டு வளவுக்குள் விட வேண்டும். ஆண்கள் வேலைக்குப் போன நேரத்தில் பெண்கள் தனியே இருக்கிற வீடுகள். இவ்வளவு காலமும் நேசன் மணியடித்தால் கேற்றைத் திறந்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவார்கள், அவ்வளவு நம்பிக்கை. இப்போது கேற்றுகள் திறக்கவில்லை. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். கெண்டைக்காலில் கடி. ஒரு பெண் மதிலுக்கு உள்ளே நின்று, "பொம்பிளைக்குக் கை நீட்டுறவன் என்ரை வளவுக்குள்ள கால் வைக்கக்கூடாது!" என்று அந்த ஒழுங்கையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் கேட்கக் கத்தினாளாம். இப்படியே போனால் வேலையும் போகும், ஊரில் முகமும் போகும். ரிஸ்வி எடுத்த வீடியோ வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. என் போன் அண்ணாவிடம் இருந்தது. ஒரு நேர்ஸின் போனில் ரிஸ்வியைக் கூப்பிட்டேன்.

"அக்கா, வீடியோ எல்லாம் என்ட போன்ல பத்திரமா ஈக்கி. ஆனா அதக் காட்டினா பாறைக்குப் போற பாதயப் பூட்டிருவாங்க. மத்தாக்கள் சம்மதிக்கிறாங்க இல்ல."

"அங்கை ஒரு மனிசன்ரை மூஞ்சியை உடைச்சு வைச்சிருக்கினம். உனக்குப் பாறையோ பெரிசு? இண்டைக்கு வராட்டி நான் நடந்து வருவன், வயிறு பிரிஞ்சாலும்."

வந்தான். வாட்டு வாசலில் அண்ணா மறித்தார். தங்கச்சியின் வீடியோவைப் போனில் வைத்துக்கொண்டு ஓர் அந்நிய ஆண் வந்து நின்றால் அவர் சும்மா விடுவாரா? சட்டையில் பிடித்துச் சுவரோடு சேர்த்துவிட்டார். நான் கட்டிலில் இருந்தபடி போட்ட கூச்சலில் டொக்டரே ஓடிவந்தார். அப்படித்தான் ரிஸ்வி கழுத்து நசிய, டொக்டரின் கைக்குப் போன் போய்ச் சேர்ந்தது.

அவர் பார்த்தார். பாறையில் நான் ஓடுகிறேன், விரிகிறேன், விழுகிறேன். அந்த 'பளார்' சத்தம் வாட்டு முழுவதும் கேட்டது. டொக்டரின் தோள் தானாகக் குலுங்கியது. திரும்பவும் போட்டுப் பார்த்தார். தண்ணீருக்கு மேல் என் தலை வருகிறது, வாயெல்லாம் இரத்தம், சிரிக்கிறேன், கட்டைவிரலைக் காட்டுகிறேன். அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் குந்தினார்.

"ஏன்?" என்றார் டொக்டர். "வதனி, ஏன்?"

நாங்கள் ஆளுக்கொரு காரணத்துக்காகத்தான் பாய்கிறோம். எங்களோடு வரும் வங்கி அதிகாரி ஒருவர், பாறையில் மட்டும்தான் தன்னை ஒருவரும் 'சேர்' என்று கூப்பிடுவதில்லை என்பார். ரிஸ்வியைக் கேட்டால், பாய்ந்த பிறகு ஒரு கிழமைக்குத் தலைக்குள் சத்தம் இல்லை என்பான். நான் நாள் முழுவதும் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு இன்னொருத்தியின் பக்கத்தில் இருக்கிறவள். பாறையை விட்டபின் பிரேக் இல்லை. எப்போது மடங்குவது என்று தீர்மானிக்கிறது நான் ஒருத்திதான். அடி விழும். உடம்பு முழுக்க எரியும். நான் கேட்டு வாங்கின அடி அது. அன்றைக்குச் சாப்பிடும் சோற்றுக்கு இருக்கிற ருசி வேறு நாளில் இல்லை. இதைத்தான் டொக்டரிடம் சொன்னேன். அவருக்கு விளங்கியதோ தெரியாது, ஆனால் முதல்முறையாகத் தலையாட்டாமல் கேட்டார்.

அன்று பின்னேரம் நேசனை உள்ளே விட்டார்கள். உதட்டில் தையல், ஒரு கண் பாதி மூடியிருந்தது. அண்ணா அவர் காலைத் தொடப் போனார், இவர் விலகிக்கொண்டார். வீடியோவை அவரும் பார்த்தார். பார்த்து முடிந்தும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை காயங்களை முந்தியும் கண்டனீங்கள்தானே?" என்று கேட்டேன்.

"கண்டனான்."

"அப்ப ஏன் ஒருநாளும் கேக்கேல்லை?"

போனைக் கட்டிலில் வைத்தார். "வேற ஆரோ எண்டு நினைச்சன். உமக்கு வெளியில ஆரோ இருக்கு, அவன்தான் அடிக்கிறான் எண்டு. கேட்டால் ஓமெண்டு சொல்லிப்போட்டு நீர் போயிடுவீர் எண்டு பயம்."

எனக்கு வந்தது இரக்கமில்லை. எட்டி அவர் சட்டைக் கொலரைப் பிடித்து உலுப்பினேன். பொத்தான் தெறித்தது. "எவனிட்டையும் அடி வாங்கிச் செத்தாலும் பரவாயில்லை, வீட்டில இருந்தால் காணும் எண்டோ?" என்று கத்தினேன். தையலில் இரத்தம் கசிந்தது. அவர் அசையவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் அது எனக்கும் அவருக்கும் இடையில் உள்ளது. செய்யாத ஒன்றுக்கு ஊர் அவரை நாய்விட்டுக் கடிப்பிப்பது வேறு.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னார்: மண்ணீரல் கிருமிகளை வடித்துப் பிடிக்கிற உறுப்பு, அது இல்லாதவளுக்குச் சின்னக் காய்ச்சலும் பெரிய காய்ச்சல், உடல் சுட்டால் உடனே ஓடிவர வேண்டும், தடுப்பூசிகளை விடக்கூடாது. பாறையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் வாக்குக் கொடுக்கவில்லை.

நடக்கத் தெம்பு வந்ததும் வயிற்றில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நேசனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன். அவர் மீற்றர் வாசிக்கிற ஒழுங்கைகள் முழுவதும் அவரோடு போனேன். ஒவ்வொரு கேற்றிலும் நானே மணியடித்தேன். "இவர் எனக்கு அடிக்கேல்லை. இந்தா பாருங்கோ," என்று வீடியோவைக் காட்டினேன். சிலர் வாயில் கைவைத்தார்கள், சிலர் 'உனக்கென்ன விசரே பிள்ளை' என்று ஏசினார்கள். ஏசினாலும் கேற்றைத் திறந்தார்கள். அதுதான் எனக்கு வேண்டியது.

மதிலுக்குள் நின்று கத்தின பெண்ணின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அவளோடு சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் போனேன். கேற்றைக் கொஞ்சமாகத் திறந்தாள். நேசனைக் கண்டதும் முகம் இறுகியது. அவரை ஒழுங்கை முகப்பில் நிற்கச் சொல்லிவிட்டு வீடியோவைப் போட்டேன். முழுவதும் பார்த்தாள். போனைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"பொய்யில்லை அக்கா," என்றேன். "டொக்டரே முதல்ல நம்பேல்லை. ஒவ்வொரு காயத்தையும் தொட்டுக் காட்டி, ஆர் செய்ததெண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவ. நான் இல்லையெண்ட பிறகும் விடேல்லை. அவரை வாட்டுப் பக்கமே வரவிடேல்லை எண்டால் பாருங்கோவன்."

அவள் உள்ளே திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தாள். போனை என் கையில் திருப்பித் தந்தபோது சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைக்கு உள்பக்கம் கறுப்பு, அதற்கு மேலே பச்சை, அதற்கும் மேலே மஞ்சள். அவசரமாக இழுத்து மூடினாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"அந்த டொக்டர்," என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "எந்த வாட்டில இருக்கிறவ, தங்கச்சி?"